இருட்டில் வைத்த பயறு

பெஞ்சுக்குள் நுழையும்போதே முழங்கால் இடித்தது. ஏழு வயசுப் பிள்ளைகளுக்கென்று ஆசாரி அளவெடுத்து அடித்த பெஞ்சு. நாற்பத்தாறு வயசு உடம்பு அதற்குள் போகாது என்று ஆசாரிக்கும் தெரியும், பெரிய மிஸ்ஸுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு வந்தால் இந்தப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு டீச்சர்கள் இப்படித்தான் எங்காவது ஒரு பெஞ்சில் போய் ஒடுங்க வேண்டும். தலைமை ஆசிரியையான பெரிய மிஸ் கொண்டுவந்த வழக்கம் அது. 'குட்டி டீச்சர்' என்று அதற்குப் பெயர். அந்த வாரம் படித்ததை ஒரு பிள்ளை டீச்சராக நின்று நடத்தும். டீச்சர் அந்தப் பிள்ளையின் இடத்தில், அந்தப் பிள்ளையின் பெயரோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்திருக்க வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்பு செண்பகவடிவு, பிள்ளைகளுக்கு வடிவு மிஸ், வழக்கமாக ஹர்ஷவர்தனைத்தான் நிறுத்துவாள். எங்கே கையை நீட்ட வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்பது வரை முந்தின நாளே ஒப்பிக்க வைத்துவிடுவாள். அவனும் தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டதுபோலக் கொட்டிவிட்டுப் போவான். பெரிய மிஸ் கை தட்டுவார், ஹர்ஷவர்தனின் அப்பா வாட்சப்பில் வீடியோ போடுவார், எல்லாருக்கும் சந்தோஷம். இந்த வாரம் ஹர்ஷவர்தன் இல்லை. இசக்கிதேவி.

கரும்பலகைக்கு முன்னால் அது நின்றது. வடிவு மிஸ்ஸின் அடையாள அட்டை அதன் கழுத்திலிருந்து தொங்கி வயிற்றுக்குக் கீழே ஆடியது. கையில் வடிவு மிஸ்ஸின் மர ஸ்கேல். நின்றதே தவிரப் பேசவில்லை. பேசாது, பேசவே பேசாது, பேசாமல் இருக்கணும் என்று வடிவு மிஸ் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து இந்த ஆடிச் சாரல் வரைக்கும் அந்த வாயிலிருந்து ஒரு சொல் உதிர்ந்ததில்லை. வருகைப் பதிவுக்குக் கையை மட்டும் தூக்கும். அடித்தால் அழாது. கொஞ்சிப் பார்த்தால் சிரிக்காது. பார்க்கும். அந்தப் பார்வைதான் வடிவு மிஸ்ஸுக்கு ஆகவே ஆகாது. முட்டாள் பிள்ளைகள் பார்க்கிற பார்வை அவளுக்குத் தெரியும், இருபது வருசமாகப் பார்த்ததுதான், அது கன்றுக்குட்டி பார்க்கிற மாதிரி இருக்கும். இது அது இல்லை. நாம் கட்டியிருக்கிற சீலையில் எங்கோ கிழிசல் இருக்கிறது, அதைப் பார்த்தும் சொல்லாமல் இருப்பவளின் பார்வை. திமிர். சுண்டல்காரி பெற்ற பிள்ளைக்கு என்ன திமிர் வேண்டிக்கிடக்கிறது? போன வாரம்தான் வடிவு மிஸ் ஆபீஸ் அறைக்கே போய்ச் சொன்னாள். "இதுக்கு ஒண்ணும் ஏறல மிஸ். ஒண்ணாப்புக்கே அனுப்பிருவோம். என்னால இதோட மல்லுக்கட்ட முடியல." பெரிய மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு பிள்ளைய கீழ இறக்குறதுன்னா சும்மாவா? அடுத்த வெள்ளிக்கிழமை அவளையே குட்டி டீச்சரா நிறுத்துங்க. அவ அம்மாவையும் வரச் சொல்லுவோம். வாயத் தொறந்தா ரெண்டாப்புலயே இருக்கட்டும். தொறக்கலேன்னா திங்கக்கிழமையிலேர்ந்து ஒண்ணாப்பு. அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றார். இப்போது வாசல் பக்கம் நாற்காலி போட்டுப் பெரிய மிஸ் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் நிலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் அம்மா உலகம்மாள் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

நில்லு, அப்படியே நில்லு, மணி அடிக்கிற வரைக்கும் நில்லு. பெஞ்சில் பென்சில் சீவலும் தேங்காயெண்ணெயும் நாறியது. கூடவே வேறு ஏதோ ஒன்று, அவித்த பயறு வாடை, பிள்ளையின் பையிலிருந்து வருகிறது. வெளியே சாரல் விட்டுவிட்டு அடித்தது. மலைக்காற்று வந்து ஜன்னல் கதவைத் தட்டிவிட்டுப் போனது. டக். வடிவு மிஸ்ஸுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. டக் என்று எது கேட்டாலும் இப்போதெல்லாம் அப்படித்தான். வீட்டில் அவள் புருஷன் சங்கரலிங்கம் காபி வேண்டுமென்றால் டம்ளரை மேஜையில் தட்டுவார். டக். இன்னும் வேண்டுமென்றால் டக் டக். பங்குனி உத்திரத்துக்கு அவர் தம்பிமார் எல்லாம் வந்து கூடியிருந்த பந்தியில், "இவுஹளுக்கு எங்க விவரம் பத்தும், எல்லாம் நாந்தான்" என்று ஏதோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டாள். பொய்யா சொன்னாள்? அன்றைக்கு வாயை மூடினவர்தான், இன்னும் திறக்கவில்லை. சண்டை போட்டால் பதிலுக்கு இவளும் நாலு கொடுப்பாள், அதில் இவளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. இந்த ஊமைத்தனத்தை என்ன செய்ய? காலையில் டம்ளர். சாயந்தரம் டம்ளர். அங்கே ஒரு வாய் மூடினது, இங்கே வந்தால் இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று சொல்லிவைத்துக்கொண்டு இவளை நடுவில் வைத்துச் சிரிக்கின்றன என்று சில நாள் தோன்றும். பைத்தியக்காரத்தனம்தான், பிள்ளைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் காலையில் டம்ளர் தட்டினதற்கு இவள் வகுப்பில் வந்துதான் ஸ்கேலை ஓங்கினாள்.

நிமிர்ந்து பார்த்தாள். கரும்பலகையின் இடது பாதி பளபளவென்று வெள்ளையாகத் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்து எழுத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. 'விதை முளைக்கத் தேவையானவை' என்று காலையில் அவளே எழுதிய தலைப்பில் 'தேவையானவை' மட்டும்தான் இங்கிருந்து தெரிந்தது. அப்படியானால் இத்தனை நாளும் இந்தப் பிள்ளை எழுத்தைப் பாதி பாதியாக எழுதிக் கொண்டுவந்ததும், "மீதியக் காக்கா கொண்டுபோயிட்டா?" என்று கேட்டு இவள் அதன் தலையில் குட்டினதும் இதனால்தானா. ஒரு நொடி என்னவோ போல ஆனது. அடுத்த நொடியே ஆத்திரம் வந்தது. தெரியலேன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! வாய் இருக்கில்லா? மற்ற பிள்ளைகள் எல்லாம் மிஸ் தெரியல மிஸ் தெரியல என்று உயிரை எடுக்கவில்லையா? சொல்லாமல் இருந்து இருந்தே நம்மைக் குற்றவாளியாக்குகிற வித்தை இது. வீட்டிலும் இதே வித்தைதான் நடக்கிறது.

இந்த வாரமே சரியில்லை. விதைப் பாடம் எடுத்ததே சனியன். திங்கட்கிழமை எவ்வளவு நன்றாக ஆரம்பித்தது! ஊறப்போட்ட பச்சைப்பயறு, பஞ்சு, மூன்று காகிதக் கப். ஒன்றில் தண்ணீர் விட்டு ஜன்னலில் வைத்தாள். ஒன்றைத் தண்ணீர் இல்லாமல் அதே ஜன்னலில் வைத்தாள். மூன்றாவதில் தண்ணீர் விட்டு, பிள்ளைகள் எல்லாம் பார்க்க, கடைசிப் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்பு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். "வெயில் இல்லேன்னா விதை முளைக்காது. இருட்டுல வச்சது அழுகிப்போகும். வெள்ளிக்கிழமை தொறந்து பாப்போம்." ஹர்ஷவர்தன் கையைத் தூக்கினான். "முளைச்சிட்டா என்ன மிஸ் செய்வீங்க?" "முளைச்சா நான் உங்க கூட வந்து பெஞ்சுல உக்காந்துக்கிடுதேன், போதுமா?" வகுப்பே சிரித்தது. அப்போதுதான் பார்த்தாள். கடைசிப் பெஞ்சில் இசக்கிதேவி எழுந்து நின்றது. வாய் திறந்தது. ஆமாம், திறந்தது, அந்த உதடு இரண்டும் பிரிந்ததை வடிவு மிஸ் தன் கண்ணால் பார்த்தாள். "என்னட்டி, கொட்டாவியா? உக்காரு" என்றாள். வாய் மூடிக்கொண்டது. அது என்ன சொல்ல வந்தது என்று அன்றைக்கு நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்க என்ன இருந்தது? அன்று சாயந்தரமே கேட்டில் வழிமறித்து உலகம்மாள் புலம்பினாள். "வீட்டுல ஓயாமப் பேசுவா மிஸ். தலகாணி, செம்பு, சுண்டல் வாளி எல்லாத்தையும் வரிசையா உக்கார வச்சுப் பாடம் நடத்துவா. அப்பிடியே உங்கள மாதிரியே நடத்துவா மிஸ், நீங்க பாக்கணும்." நல்லா இருக்குதே கதை, வீட்டில் புலி இங்கே எலி என்று எல்லாத் தாயும் சொல்லுகிறதுதானே என்று குடையை விரித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம். அதை நினைக்கக் கூடாது என்று எத்தனை தரம் ஒதுக்கினாலும் நினைப்பு நாக்கு பல் ஓட்டைக்குப் போவதுபோல அங்கேதான் போகிறது. பிள்ளைகள் சாப்பிட வராந்தாவுக்குப் போயிருந்தார்கள். நாளைக்குத் திறந்து காட்டுமுன் ஒரு தரம் பார்த்துவைப்போம் என்று அலமாரியைத் திறந்தாள். உள்ளே கப் நிறைய முளை. ஜன்னலில் வைத்தது விரல் நகம் அளவுக்குக் குட்டையாக நின்றுகொண்டிருக்க, இது வெளுத்து, நீண்டு, கப்பின் விளிம்பைத் தாண்டித் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது, பயறு மேலேயே கோபம். அதற்கப்புறம்தான் புரிந்தது. அவள் வீட்டு அடுப்பங்கரையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சங்கரலிங்கத்தின் சுகருக்காகப் பயறை ஊறவைத்து, ஈரத்துணியில் இறுக்கிக் கட்டி, பாத்திரத்துக்குள் போட்டு மூடி வைக்கிறாளே, அது எங்கே வெயிலைப் பார்த்தது? மறுநாள் மூடியைத் திறந்தால் துணியைக் கிழித்துக்கொண்டு நிற்காதா? இருபது வருசமாக வீட்டில் பயறு கட்டுகிறாள். இருபது வருசமாக வகுப்பில் வெயில் இல்லாமல் விதை முளைக்காது என்று சொல்லுகிறாள். இந்தக் கையும் அந்த வாயும் ஒரு நாள்கூட ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டதில்லை. சிரிப்பாகக்கூட இருந்தது. பிள்ளைகளிடம், "அடடே, மிஸ் தப்பாச் சொல்லிட்டேன், முளைச்சிருக்கு பாருங்க" என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கைதட்டியிருப்பார்கள் கழுதைகள். அது அப்போது தோன்றவில்லை. தோன்றியதெல்லாம் ஹர்ஷவர்தனின் சிரிப்பு, அவன் அப்பாவின் வாட்சப், விவரம் பத்தாதவள் யார் என்று தம்பிமாரைக் கூட்டிக் கேட்கப்போகிற சங்கரலிங்கம். கப்பை ஜன்னல் வழியாகப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தாள். புதுப் பஞ்சை நனைத்துப் போட்டு, டப்பாவில் மிச்சமிருந்த ஊறாத பயறை அள்ளி அதன்மேல் போட்டாள். அலமாரிக்குள் வைத்துச் சாத்திவிட்டுத் திரும்பினால், கடைசிப் பெஞ்சில், வராந்தாவுக்குப் போகாமல், வாய் நிறையச் சோற்றோடு அது உட்கார்ந்திருந்தது. மெல்லவில்லை. விழுங்கவுமில்லை. "என்ன பாக்கே? சாப்பிடு" என்றாள். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. அது பார்த்துக்கொண்டே இருந்தது. சுண்டல்காரி வீட்டில் தினம் படிக்கணக்கில் பயறு கட்டுவார்கள் என்பது ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது. திங்கட்கிழமை கொட்டாவி இல்லை அது.

ஆக, இன்றைக்கு அது பேசக் கூடாது. பிள்ளை கீழ் வகுப்புக்குப் போனால் போகட்டும், ஒரு வருசம்தானே, செத்தா போய்விடும்? ஒண்ணாப்பு ஸ்டெல்லா மிஸ் நல்லவள், வைத்துக் கொஞ்சட்டும். அங்கே இருந்து இந்தக் கண் இவளைப் பார்க்காது. அது போதும். பெரிய மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளைகள் நெளிந்தார்கள், ஒருத்தன் பெஞ்சுக்கடியில் காலால் தாளம் போட்டான். வாசலில் உலகம்மாள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு மகளையே பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க வடிவு மிஸ்ஸுக்குப் பாவமாகத்தான் இருந்தது, பாவமும் இருந்தது, அது பேசாமலே நிற்கட்டும் என்கிற வேண்டுதலும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. முருகா, மணி அடிச்சிரட்டும். பெரிய மிஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்கப் போனார். அந்த நேரம் பார்த்து ஸ்கேல் மேஜையில் விழுந்தது. டக்.

"சைலன்ஸ்."

வடிவு மிஸ் நிமிர்ந்தாள். அது அவளுடைய குரல். சின்னத் தொண்டையிலிருந்து வந்தாலும் அவளுடைய குரல்தான். 'ச'வை இழுத்து 'ன்ஸ்'ஸை நறுக்குகிற அதே நறுக்கு. "யாரு காலாட்டுகது? வீட்டுல தொட்டில் இல்லையா?" காலாட்டினவன் கல்லாகிப்போனான். அது கரும்பலகைக்குப் போய் எட்டிய மட்டும் கையை நீட்டி எழுத்தைத் தொட்டது, திரும்பியது, இடது கையால் முந்தானை இல்லாத தோளில் முந்தானையைச் சரிசெய்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரிய மிஸ் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "விதை முளைக்கத் தண்ணி வேணும். காத்து வேணும். இன்னும் என்ன வேணும்னு பாப்போம்." ஜன்னலிலிருந்து இரண்டு கப்பையும் கொண்டுவந்து காட்டியது, தண்ணீர் விட்டதையும் விடாததையும். திங்கட்கிழமையிலிருந்து இவள் சொன்னது எல்லாம் ஒரு சொல் பிசகாமல் வந்தது. சொல்லாததும் வந்தது, இவள் மூச்சு விடுகிற விதம், பதில் வருமுன்னே உதட்டைச் சுழிக்கிற விதம். இப்படியா இருக்கிறேன் நான்? உலகம்மாள் நிலையைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா? தோள் மட்டும் குலுங்கியது.

அப்புறம் அது அலமாரிக்கு வந்தது. பெஞ்சுக்கு ஒட்டினாற்போல, வடிவு மிஸ்ஸின் தோளை உரசிக்கொண்டு. கதவைத் திறந்து கப்பை எடுத்தது. உள்ளே பார்த்தது. யாருக்கும் காட்டவில்லை. நெஞ்சோடு அணைத்துக் கையால் மூடிக்கொண்டு மேஜைக்குத் திரும்பிப் போனது. "இசக்கிதேவி, எந்திரி." யாரும் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வடிவு மிஸ்ஸைப் பார்த்தார்கள். அப்போதுதான் அது தன்னைக் கூப்பிடுகிறது என்று உறைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவில் பாதி வளைந்தபடி எழுந்தாள். "நீ சொல்லு. இருட்டுல வச்ச பயறு முளைச்சுதா, முளைக்கலையா?"

முளைச்சுது. பதில் இருக்கிறது, நாக்கின் மேல் உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு சொல். முளைச்சுது என்றால் அடுத்து அந்தக் கையை எடுக்கும், கப்பில் முளை இராது, எங்கே போச்சு என்று பெரிய மிஸ் கேட்பார். முளைக்கலை என்றால் அதுவும் ஒரு சொல்தான், பாடம் சொல்லுகிற சொல், பெரிய மிஸ் தலையாட்டுவார், எல்லாம் முடியும். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு அந்தக் கண் பார்க்கும். முளைக்கலை. சொல்லு வடிவு, சொல்லித் தொலை. வாய் திறக்கிறது, உதடு பிரிகிறது, காற்று மட்டும் வருகிறது. எத்தனை கண்! இந்த இடத்திலிருந்து பார்த்தால் எல்லாக் கண்ணும் நம்மேல்தான் என்று இதற்கு முன்னால் தெரியாது. காது அடைக்கிறது. முளைச்சுதும் முளைக்கலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாசலில் சிக்கிக்கொண்டு இரண்டுமே வெளியே வரவில்லை. ஸ்கேல் மேஜையில் தட்டியது. டக். காத்திருந்தது. டக் டக். "என்னட்டி, வாயில கொழுக்கட்டையா?" வகுப்பு வெடித்துச் சிரித்தது. இசக்கிதேவியைக் கேட்கும்போது சிரிக்கிற அதே சிரிப்பு, இவள் பழக்கிக்கொடுத்த சிரிப்பு. பெரிய மிஸ்ஸும் சிரித்தார். வேடிக்கைக்காக வடிவு மிஸ் இசக்கியைப்போலவே நடிக்கிறாள் என்று நினைத்துவிட்டார் போல. "பிரமாதம் மிஸ், அப்படியே அவளாட்டமே நிக்கிறீங்க" என்று கை தட்டினார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரிய மிஸ் எழுந்து வந்து பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். "ரெண்டாப்புலயே இரும்மா, உன்னைய யாரும் இறக்கமாட்டாங்க" என்றார். உலகம்மாள் அவர் காலில் விழப்போக, "ஐயோ, எந்திரிங்க" என்று அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். பிள்ளை தன் பையை எடுக்கப் பெஞ்சுக்கு வந்தது. வடிவு மிஸ் இன்னும் அதே வளைசலோடு நின்றாள். முழங்கால் டெஸ்க்கில் மாட்டியிருந்தது, உட்காரவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. அது அடையாள அட்டையைக் கழற்றி டெஸ்க்கில் வைத்தது. கப்பை அதன் பக்கத்தில், முளைக்காத பயறு தெரிய, வைத்தது. அண்ணாந்து பார்த்தது. இப்போது அது வடிவு மிஸ்ஸின் குரல் இல்லை. தாழ்ந்து, கொஞ்சம் கரகரத்து, யாரும் கேட்டிராத ஒரு குரல்.

"உங்களுக்குத் தெரியும் மிஸ். வாய்ல வரல, அவ்ளோதான்."

பரிகாசம் ஒரு துளி இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. காய்ச்சல்காரிக்குச் சொல்லுகிற மாதிரி, இது எல்லாருக்கும் வருகிறதுதான், போய்விடும் என்கிற மாதிரிச் சொன்னது. வடிவு மிஸ் அதை அந்த இடத்திலேயே அடித்திருப்பாள். ஸ்கேல் பிள்ளையின் கையில் இருந்தது.